கண்ட விளிம்பு அளவாய்வில் மேலோடு கோணலாக வந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

ஐபீரியாவுக்கு மேற்கே, கலீசியா திட்டில் தொடங்கி ஆழ்கடல் சமவெளியில் முடியும் ஒரு கோட்டை எடுத்துக்கொள்வோம். கண்டம் இழுபட்டு, மெலிந்து, அறுந்து அட்லான்டிக் திறந்த இடம் அது. கடலடியில் 8 அல்லது 10 கி.மீ.க்கு ஒன்றாக நில அதிர்வுமானிகள். துறையில் இவற்றை ஓபிஎஸ் என்றே சொல்வார்கள். மேலே, அழுத்தக் காற்றை வெடித்து ஒலியலை எழுப்பும் ஏர்கன் வரிசையையும் (ஒவ்வொரு வெடிப்பும் ஒரு ஷாட்), ஒலிவாங்கிகள் கோத்த 6 முதல் 8 கி.மீ. நீளமுள்ள ஸ்ட்ரீமர் வடத்தையும் இழுத்துப்போகும் கப்பல். தரவெல்லாம் கரைக்கு வந்து அலைவேக மாதிரியும் போட்டாகிவிட்டது. ஆனால் மேலோட்டுக்கும் அதன் கீழுள்ள மேன்டிலுக்கும் இடையிலான எல்லையான மோஹோ ஓரிடத்தில் 3 கி.மீ. துள்ளுகிறது, இன்னோரிடத்தில் காணவே இல்லை, மெலிந்த மேலோட்டுக்குக் கீழே விளங்காத வேகம் ஒன்று நிற்கிறது. இந்த வழிமுறை அந்த நிலைமைக்கானது.

சந்தேகத்தை மேலிருந்து கீழாக நகர்த்த வேண்டும்: கடிகாரம், இடம், நீர், படிவு, அதன் பிறகுதான் மேலோடு. மேலே விட்ட சின்னப் பிழை கீழே பெரிதாகிப் புவியியல் வேடம் போட்டுக்கொண்டு நிற்கும். எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். மேலோட்டின் வேகம் 6.5 கி.மீ./வி., மேன்டிலின் வேகம் 8 கி.மீ./வி. என்றால், மேலோட்டின் ஒவ்வொரு கிலோமீட்டரும் மேன்டில் அலையைச் சுமார் 90 மில்லி விநாடி தாமதப்படுத்துகிறது. அதாவது, கவனிக்காமல் விட்ட 90 மில்லி விநாடி மோஹோவை 1 கி.மீ. இடம் மாற்றும். மொத்த மேலோடே 5 கி.மீ. இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல.

கையருகே வைத்திருக்க வேண்டிய பெயர்களும் எண்களும்: மேலோட்டுக்குள் வளைந்து திரும்பும் அலை பிஜி, மோஹோவில் மோதித் திரும்புவது பிஎம்பி, மேன்டிலின் தலைமட்டத்தில் ஓடிவருவது பிஎன். கண்டத்தின் மேல்மேலோடு 5.8–6.3 கி.மீ./வி., கீழ்மேலோடு 6.6–7.0. கடல் மேலோடு என்றால் மேல்பாதியில் வேகம் மடமடவென ஏறும், கீழ்ப்பாதியில் 6.6–7.2 என்று நிதானமாக நிற்கும். மொத்தத் தடிமன் வழக்கமாக 6–7 கி.மீ. நீர் புகாத மேன்டில் 8 கி.மீ./வி. சுற்றி.

நீரில் நேராக வரும் அலை இருபுறமும் ஒத்துப்போகவில்லை

ஓபிஎஸ் விழுந்த இடம் நீங்கள் போட்ட இடம் அல்ல. சுமார் 1 மீ./வி. வேகத்தில் இறங்கும் கருவி 5,000 மீட்டர் ஆழத்தைத் தொட ஏறக்குறைய 80 நிமிடம் ஆகும். வழியில் சராசரி 0.1 மீ./வி. நீரோட்டம் இருந்தாலே 500 மீட்டர் தள்ளிப் போய் உட்காரும்.

நேர் நீரலை ஓர் அதிபரவளையமாக வர வேண்டும். அதன் அடிப்புள்ளி ஓபிஎஸ்ஸுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கோட்டின் திசையில் 300 மீட்டர் நகர்ந்திருந்தால், 5 கி.மீ. ஆழத்தில், இருபுறமும் 5 கி.மீ. தொலைவு என்று நினைத்த ஷாட்டுகளுக்கு இடையே 0.28 விநாடி வித்தியாசம் தெரியும். கண்ணாலேயே பார்க்கலாம். பிரச்சினை குறுக்குத் திசையில்தான். அதே 300 மீட்டர் கோட்டுக்குக் குறுக்காகப் போயிருந்தால், நேர் மேலே உள்ள ஷாட்டில் நீரலை வெறும் 6 மில்லி விநாடி பிந்தும். ஆழத்தை 9 மீட்டர் மாற்றினாலும் அதே 6 மில்லி விநாடிதான். ஆகவே ஒற்றைக் கோட்டுத் தரவை வைத்துக் குறுக்கு நகர்வைத் தீர்மானித்துவிட்டோம் என்று மென்பொருள் சொன்னால் நம்ப வேண்டாம். அது இடப்பக்கமா வலப்பக்கமா என்றும் ஒற்றைக் கோடு சொல்லாது.

செய்ய வேண்டியது: முதலில் ஆழத்தைப் பல்கற்றை எதிரொலிமானியின் வரைபடத்திலிருந்து எடுத்துக் கட்டிவையுங்கள். நீரின் வேகத்தை அளந்த தரவிலிருந்து எடுங்கள், 1.50 என்று பொதுவாக வைத்துக்கொண்டு, உண்மையில் சராசரி 1.52 ஆக இருந்தால் 5 கி.மீ.க்கு 44 மில்லி விநாடி பிழை, அதாவது மோஹோவில் அரை கி.மீ. எக்ஸ்பிடி எனப்படும் வீசியெறியும் வெப்பமானிகள் வகையைப் பொறுத்து 760 அல்லது 1,830 மீட்டர் வரைதான் அளக்கும். அதற்குக் கீழே அந்தக் கடற்பகுதியின் நீண்டகாலச் சராசரி வெப்ப, உப்பு அளவுகளை ஒட்டிக்கொள்ள வேண்டும். இவை இரண்டையும் உறுதி செய்த பிறகே 10 கி.மீ.க்குள் உள்ள ஷாட்டுகளின் நேரங்களை வைத்துக் கோட்டுத் திசை, குறுக்குத் திசை, நேரத் திருத்தம் மூன்றையும் குறைந்த வர்க்க முறையில் தேடுங்கள். கடலில் இன்னும் இருக்கிறீர்கள் என்றால், ஒவ்வோர் ஓபிஎஸ்ஸின் மேலும் ஒரு குறுக்குக் கோடு சுட்டுவிடுங்கள். சில மணி நேரச் செலவு. கரைக்கு வந்த பிறகு எந்த விலை கொடுத்தும் அதை வாங்க முடியாது.

எல்லா ஓபிஎஸ்களும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்ததாக வந்தால் கடல் நீரோட்டத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கும் ஏர்கன் வரிசையின் நடுப்புள்ளிக்கும் இடையே உள்ள 100–200 மீட்டரை யாரோ கழிக்க மறந்திருக்கிறார்கள். கப்பல் திரும்பி எதிர்த்திசையில் ஓடிய கோட்டில் அதே நகர்வு குறி மாறி வந்தால் சந்தேகம் தீர்ந்தது.

பதிவு முழுவதும் நேரத்தில் தள்ளியிருக்கிறது

எவ்வளவு என்று முதலில் அளந்து பாருங்கள். தொகையே காரணத்தைச் சொல்லிவிடும்.

18 விநாடி என்றால், ஒரு பக்கம் ஜிபிஎஸ் நேரத்திலும் மறுபக்கம் உலகப் பொது நேரத்திலும் இருக்கிறது. 2017 தொடக்கத்திலிருந்து இரண்டுக்கும் 18 விநாடி வித்தியாசம். சரியாக 1 விநாடி என்றால், பழைய தரவாக இருந்தால், உலகப் பொது நேரத்தில் எப்போதாவது சேர்க்கப்படும் மிகுவிநாடியைத் தேடுங்கள். கடைசியாக ஒரு மிகுவிநாடி சேர்க்கப்பட்டது 2016 டிசம்பர் 31 முடிவில். கருவி கடலடியில் கிடந்தபோது அப்படி ஒன்று கடந்திருந்தால் இறக்கும்போது செய்த ஒத்திசைவும் ஏற்றியபின் செய்த ஒத்திசைவும் ஒரு விநாடி முரண்படும். அதைக் கடிகார நகர்வு என்று எண்ணி நாட்களுக்குப் பகிர்ந்துவிட்டால் பிழை எல்லா ஷாட்டிலும் வெவ்வேறு அளவில் கரைந்துவிடும், பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம்.

சில பத்து மில்லி விநாடி என்றால் இரண்டு இடங்களில் தேடலாம். எல்லா ஓபிஎஸ்ஸிலும் ஒரே அளவு என்றால் குற்றவாளி ஷாட் நேரக் கோப்பு. ஏர்கன் கட்டுப்பாட்டுக் கருவி கட்டளை பெற்ற நொடியிலேயே சுடாது. எல்லாத் துப்பாக்கிகளையும் ஒத்திசைக்க ஒரு நிலையான தாமதம் வைத்துத்தான் சுடும். கட்டளை நேரம் எழுதப்பட்டதா, சுட்ட நேரம் எழுதப்பட்டதா என்று கப்பல் பதிவேட்டில் பாருங்கள். ஓபிஎஸ்ஸுக்கு ஓபிஎஸ் மாறினால் அது அந்தந்தக் கடிகாரத்தின் நகர்வு. குவார்ட்ஸ் கடிகாரம் நாளொன்றுக்கு ஓரிரு மில்லி விநாடி நகர்வது இயல்பு. நாளுக்கு 2 என்றாலும் 15 நாளில் 30 மில்லி விநாடி. முதல் ஒத்திசைவுக்கும் கடைசி ஒத்திசைவுக்கும் இடையே நேர்கோடாகப் பகிர்வதுதான் வழக்கம்.

மேலே வருவதற்குள் மின்கலம் தீர்ந்து கடைசி ஒத்திசைவு கிடைக்கவில்லையென்றால் எல்லாம் போய்விடவில்லை. அதே கோட்டைக் கப்பல் இரண்டு முறை ஓடியிருக்கும், ஓபிஎஸ்ஸுக்காக ஒரு தடவை, ஸ்ட்ரீமருக்காக ஒரு தடவை. ஒரே இடத்தில் விழுந்த ஷாட்டுகளின் நேர் நீரலையை இரண்டு ஓட்டத்திலும் ஒப்பிடுங்கள். இடமும் ஆழமும் மாறவில்லை. ஆக வித்தியாசம் முழுவதும் கடிகாரத்துடையது.

பிஎன் தெளிவாக வந்துகொண்டிருந்தது, ஒரு தொலைவுக்குப் பின் செங்குத்தான கோடுகள் அதை மூடுகின்றன

முந்தைய ஷாட்டின் சத்தம். நீரலையும் நீருக்குள் மேலும் கீழும் மோதித் திரும்பும் அதன் எதிரொலிகளும் 1.5 கி.மீ./வி. வேகத்தில் ஊர்ந்து வருகின்றன. அதற்குள் அடுத்த ஷாட் சுடப்பட்டுவிட்டது. 5 கி.மீ. நீர், 2 கி.மீ. படிவு, 7 கி.மீ. மேலோடு என்ற அமைப்பில் பிஎன்னின் வெட்டு நேரம் (அதன் நேரக் கோட்டைப் பூஜ்யத் தொலைவுக்கு நீட்டினால் வருவது) சுமார் 6 விநாடி. இதிலிருந்து முந்தைய ஷாட்டின் நீரலை எங்கே பிஎன்னை வெட்டும் என்று கணக்கிடலாம். 20 விநாடிக்கு ஒரு ஷாட் என்றால் 48 கி.மீ.யில், 60 விநாடி என்றால் 120 கி.மீ. அருகில், 90 விநாடி என்றால் 175 கி.மீ.யைத் தாண்டி. ஸ்ட்ரீமருக்கு ஏற்ற 50 மீட்டர் இடைவெளியில் ஒரே ஓட்டமாகச் சுட்டுவிட்டு அதிலேயே ஓபிஎஸ்ஸையும் பார்த்துக்கொள்ளலாம் என்ற சிக்கனம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்த 48 சொல்கிறது. பிஎன் தலைகாட்டத் தொடங்கும் தொலைவுகளிலேயே திரை விழுந்துவிடும்.

தரவு ஏற்கெனவே வந்துவிட்டதென்றால்? அலைகளை அவற்றின் சாய்வை வைத்துப் பிரிக்கும் எஃப்-கே வடிகட்டி முதலில் கைக்கு வரும். சாய்வு வேறு என்பதால் பிரித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் 150 மீட்டர் ஷாட் இடைவெளியில் 1.5 கி.மீ./வி. அலை 5 ஹெர்ட்ஸுக்கு மேலே போனதும் மடங்கி வேறு சாய்வில் தெரியும்; வடிகட்டி அதை விட்டுவிட்டு நல்ல அலையைக் கடிக்கும். இதைவிடப் பலன் தருவது: முந்தைய ஷாட்டின் நேரத்தை வைத்து அந்த நீரலையைக் கிடைமட்டமாக நேராக்குங்கள், பக்கத்துத் தடங்கள், அதாவது தனித்தனிப் பதிவுகள், 9 அல்லது 11 சேர்த்து இடைநிலை மதிப்பு எடுங்கள், அதைக் கழியுங்கள், பிறகு நேராக்கியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கப்பல் வேகம் சற்று மாறிக்கொண்டே இருந்து, தூரக் கணக்கில் சுட்டிருந்தால் ஷாட்டுகளுக்கு இடையிலான நேரம் தானாகவே ஏறி இறங்கியிருக்கும். அப்போது சத்தம் தடத்துக்குத் தடம் சிதறி இன்னும் சுலபமாகக் கழியும்.

20 ஹெர்ட்ஸில் சீராகத் துடிக்கும் சத்தம்

சில விநாடிகள் முதல் அரை நிமிடம் வரை இடைவெளி விட்டு, ஷாட் இல்லாத நேரத்திலும் வருகிறதா? துடுப்புத் திமிங்கிலம். கருவியில் கோளாறு இல்லை. மேலோட்டு அலை தொலைவில் 4–12 ஹெர்ட்ஸில்தான் இருக்கும். 15 ஹெர்ட்ஸில் வெட்டிவிட்டால் வேலை முடிந்தது.

ஒவ்வோர் அலையும் இரட்டையாக, மும்மையாக வருகிறது

இரண்டாவது அலை முதலாவதிலிருந்து எவ்வளவு பிந்துகிறது, அந்தத் தாமதம் நீரின் ஆழத்தோடு மாறுகிறதா என்று பாருங்கள். கோடு முழுவதும் 0.1–0.2 விநாடி என்று மாறாமல் இருந்தால் ஏர்கனிலிருந்து வெளியேறிய காற்றுக்குமிழ் சுருங்கி விரியும் துடிப்பு. கொள்ளளவு கூடினால் துடிப்பின் கால அளவும் கூடும், ஆழம் கூடினால் குறையும். வெவ்வேறு கொள்ளளவுள்ள துப்பாக்கிகளைச் சேர்ப்பதே இந்தத் துடிப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளட்டும் என்றுதான். ஓட்டத்தின் நடுவே இரண்டு துப்பாக்கி செத்துப்போனால் அந்தக் கணக்கு கெட்டு, அந்த ஷாட்டிலிருந்து வால் நீளும். துப்பாக்கிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எத்தனையாவது ஷாட்டிலிருந்து என்று கண்டுபிடித்து, அங்கிருந்து வேறு அலைவடிவத்தை வைத்து நேர் செய்யுங்கள்.

தாமதம் ஆழத்தோடு கூடிக் குறைந்தால் அது மல்டிபிள், அதாவது கடல்பரப்புக்கும் கடல்தளத்துக்கும் இடையே மீண்டும் மோதித் திரும்பிய அலை; அடுத்த பகுதியில் வருகிறது.

குமிழ்த் துடிப்பு படத்தை அசிங்கமாக்குவதோடு நிற்பதில்லை. தொலைவில் அலையின் முதல் சுழல் (ஓர் ஏற்ற இறக்கம்) பலவீனமாகி, இரண்டாவது சுழல் உரக்க வரும்போது கை தானாக அதைக் குறிக்கும். 100–150 மில்லி விநாடி போய்விட்டது. மோஹோ ஒன்றரை கி.மீ. கீழே இறங்கிவிட்டது. இதைத் தவிர்க்க, அருகிலிருந்து தொலைவுக்குத் தடம் தடமாகத் தொடர்ந்து குறியுங்கள், நடுவில் தாவாதீர்கள். வடிகட்டியும் குறைந்த கட்ட வகையாக, அதாவது அலை வருவதற்கு முன் எதையும் எழுப்பாததாக, இருக்கட்டும். சுழிக்கட்ட வடிகட்டி அலை வருவதற்கு முன்பே ஒரு சிற்றலையை உண்டாக்கும். அதை வருகை என்று குறித்தால் பிழை எதிர்த்திசையில் போகும்.

ஸ்ட்ரீமர் படத்தில் மோஹோவே இல்லை

முதல் கேள்வி வெட்கப்படும்படியானது: பதிவு நீளம் போதுமா? 5 கி.மீ. நீருக்கு இருவழி நேரம் 6.7 விநாடி, 2 கி.மீ. படிவுக்கு 1.6, 7 கி.மீ. மேலோட்டுக்கு 2.2. மோஹோ 10.5 விநாடியில். மேன்டிலுக்குள் இறங்கும் எதிரொலிப்புகளும் வேண்டும், எதிரொலிப்புகளை அவற்றின் உண்மையான இடத்துக்கு நகர்த்தும் மைக்ரேஷனுக்கு இடமும் வேண்டும் என்றால் 15 விநாடிக்குக் குறையாமல் பதிய வேண்டும்.

அடுத்து மல்டிபிள். ஆழ்சமவெளியில் தொல்லை குறைவு: முதல் மல்டிபிள் 13.3 விநாடியில், மோஹோவுக்குக் கீழே. சரிவில்தான் சண்டை. 3 கி.மீ. நீர் என்றால் கடல்தளம் 4 விநாடி, மல்டிபிள் 8, பிறகு 12. மெலிந்துகொண்டே வரும் மேலோட்டின் அடிப்பகுதி 8–12 விநாடிக்குள்தான் வந்தாக வேண்டும். இங்கே இரண்டு முறைகளை வரிசையாகப் பயன்படுத்த வேண்டும். மேற்பரப்பு மல்டிபிளைத் தரவிலிருந்தே கணித்துக் கழிக்கும் முறைக்கு மிக அருகிலுள்ள தடங்கள் தேவை. ஏர்கனுக்கும் முதல் தடத்துக்கும் இடையே உள்ள 150–200 மீட்டர் ஓட்டையை முதலில் இடைச்செருகி நிரப்பாவிட்டால் கணிப்பு தவறும். பிறகு, அலைகளை அவற்றின் வளைவை வைத்துப் பிரிக்கும் ராடான் உருமாற்றம். 8 விநாடியில், 6 கி.மீ. தொலைவில், நீர் வேகத்தில் வரும் மல்டிபிள் சுமார் 1 விநாடி வளையும். சராசரி வேகம் 3 கி.மீ./வி. கொண்ட உண்மையான எதிரொலிப்பு கால் விநாடிதான் வளையும். தூரத் தடங்களில் பிரிப்பது எளிது. அருகிலுள்ள தடங்களில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் ராடானால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆழத்துக்கு முதல் 1–1.5 கி.மீ. தடங்களைக் கூட்டாமல் வெட்டிவிடுவதே நல்லது.

இவ்வளவும் செய்தும் வரவில்லையென்றால், ஒருவேளை அங்கே எதிரொலிக்கும் எல்லையே இல்லாமல் இருக்கலாம். 8 ஹெர்ட்ஸ் அலைக்கு, 7.5 கி.மீ./வி. பாறையில் அலைநீளம் 940 மீட்டர். வேகம் 7லிருந்து 8க்கு 3 கி.மீ. தடிமனில் மெல்ல ஏறினால் அந்த அலைக்கு அங்கே மோத ஒரு சுவர் கிடையாது. கடல்நீர் புகுந்து, சர்ப்பன்டைன் என்ற நீர் கலந்த கனிமமாக மாறிய மேன்டில் இப்படித்தான் இருக்கும்: மேலே மாற்றம் மிகுதி, கீழே போகப் போகக் குறைவு. ஓபிஎஸ் பதிவில் உறுதி செய்யலாம். பிஎம்பியின் உரத்த வரவு எங்கும் இல்லாமல், முதல் வருகை மட்டும் உடையாமல் சிறிது சிறிதாக வேகம் கூடி 8ஐ எட்டினால், காணாமல் போன மோஹோ ஒரு முடிவு, பிழை அல்ல.

சாய்தொகுதிகளின் அடியிலுள்ள பிரகாசமான எதிரொலிப்பு குமிழ் குமிழாக மேலே வளைகிறது

கலீசியா விளிம்பில் முறிந்து சாய்ந்த மேலோட்டுத் தொகுதிகளின் கீழே ஓடும் அந்த எதிரொலிப்புக்கு எஸ் என்று பெயர். உடைந்த மேலோட்டுக்கும் சர்ப்பன்டைனான மேன்டிலுக்கும் இடையே மேலோடு வழுக்கிப் போன தளமாக அதை வாசிக்கிறார்கள். நேரப் படத்தில் அதன் ஒவ்வொரு மேடும் மேலே உள்ள தொகுதியின் முகட்டுக்கு நேர் கீழே வந்தால் அதை வடிவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வேகத்தின் இழுப்பு. 2.5 கி.மீ./வி. படிவு இருக்க வேண்டிய இடத்தில் 5 கி.மீ./வி. பாறை 1 கி.மீ. உயர்ந்து நின்றால் அதன் அடியில் உள்ளவை 0.4 விநாடி முந்தி வரும். 6 கி.மீ./வி.யில் அது 1.2 கி.மீ. பொய் மேடு.

தீர்வு ஆழ மைக்ரேஷன். ஆனால் வேகத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 9 விநாடியில், சராசரி வேகம் 4 கி.மீ./வி. என்றால், 6 கி.மீ. ஸ்ட்ரீமரில் மொத்த வளைவே 125 மில்லி விநாடி. வேகத்தில் 5 சதவீதப் பிழை அதை 12 மில்லி விநாடி மாற்றும். 8 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழலே 125 மில்லி விநாடி! அந்த ஆழத்தில் ஸ்ட்ரீமர் சொல்லும் வேகம் ஜோசியத்துக்குச் சமம். படிவுக்கு ஸ்ட்ரீமர், அடித்தளப் பாறைக்குக் கீழே ஓபிஎஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். படிவைக் கவனமாக வையுங்கள்; 2 கி.மீ./வி. படிவின் தடிமனில் 100 மீட்டர் தவறினால் மட்டும் மோஹோவில் கிட்டத்தட்ட 400 மீட்டர் போகும்.

சோழமண்டலக் கரையும் இதே குடும்பம்தான். இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்த பிளவில் பிறந்தது காவிரிப் படுகை. கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கமெல்லாம் தரைமட்டம் வாய்க்கால் ஓடும் சமவெளி; கீழே அடித்தளம் முகடும் பள்ளமுமாக முறிந்து கிடக்கிறது. அந்த முகடுகளின் அடியிலும் இதே பொய் மேடு எழும், இதே திருத்தம்தான்.

மைக்ரேஷனுக்குப் பின் முறிவுகளைச் சுற்றிப் புன்னகை வளைவுகள்

வேகம் அதிகம். 5 சதவீதம் குறைத்துப் பாருங்கள். குறைத்தும் சில வளைவுகள் அடங்காமல் மற்ற எதிரொலிப்புகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றால், அவை கோட்டுக்குப் பக்கவாட்டிலிருந்து வந்தவை. ஒற்றைக் கோட்டுத் தரவில் அவற்றை அவற்றின் இடத்தில் வைக்க வழியில்லை. கலீசியாவில் 2013இல் முப்பரிமாண அளவாய்வுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் வருகை சட்டென அறுந்து, பின்னால் தள்ளி மீண்டும் தொடங்குகிறது

வேகமான அடுக்குக்குக் கீழே மெதுவான அடுக்கு. நார்வே, ஃபாரோ பக்கம் எரிமலைக் குழம்பு பெருகிய விளிம்புகளில் 5 கி.மீ./வி. பசால்ட்டுக்கு அடியில் 3.5–4 கி.மீ./வி. பழைய படிவு புதைந்திருப்பது சாதாரணம். மெதுவான அடுக்குக்குள் அலை வளைந்து திரும்பாது. அதன் வேகத்தை எந்த முதல் வருகையும் உங்களுக்குத் தராது. முதல் வருகை மட்டும் வைத்து, பயண நேரங்களிலிருந்து வேகப் படத்தைக் கணிக்கும் டோமோகிராஃபியை ஓட்டினால் நிரல் அந்த அடுக்கை மழுப்பி, கீழே உள்ள எல்லாவற்றையும் ஆழத்தில் தள்ளிவிடும். பசால்ட்டின் அடியிலிருந்தும் அடித்தளத்திலிருந்தும் வரும் அகல்கோண எதிரொலிப்புகளைச் சேர்த்து, அடுக்கு வாரியாக மேலிருந்து கீழே கட்டும் மாதிரிதான் இங்கே சரி. பின்தள்ளலின் அளவு அடுக்கின் தடிமனும் வேகமும் சேர்ந்த ஒரு தொகை. ஒன்றைப் பக்கத்துக் கிணற்றிலிருந்தோ ஈர்ப்பு அளவிலிருந்தோ கட்டினால்தான் மற்றது கிடைக்கும்.

டோமோகிராஃபி மாதிரியில் ஒவ்வோர் ஓபிஎஸ்ஸுக்கும் கீழே ஒரு கண்

கருவி வைத்த இடத்தைப் புவியியல் அறியாது. கருவிகளின் கீழ் மட்டும் ஒழுங்காக வேக வட்டங்கள் வந்தால், அந்தந்த ஓபிஎஸ்ஸின் நேரம் அல்லது இடம் தவறு என்று அர்த்தம்; நிரல் வேறு வழி தெரியாமல் அந்தப் பிழையை அருகிலுள்ள பாறையில் கொட்டியிருக்கிறது. மேலே சொன்ன முதல் இரண்டு பகுதிகளுக்குத் திரும்புங்கள். வழுவழுப்பாக்கும் அளவுருவைக் கூட்டி வட்டத்தை அழிப்பது குப்பையைப் பாய்க்கடியில் தள்ளுவது.

எந்த ஓபிஎஸ் என்று தெரிய எதிரெதிர் நேரச் சோதனை போதும். 4,800 மீட்டரில் உள்ள ‘அ’ என்ற கருவி, ‘ஆ’வுக்கு நேர் மேலே சுட்ட ஷாட்டைக் கேட்ட நேரமும், 5,400 மீட்டரில் உள்ள ‘ஆ’, ‘அ’வுக்கு மேலே சுட்டதைக் கேட்ட நேரமும் நீர்த்திருத்தத்துக்குப் பின் சமமாக வேண்டும். இரண்டு ஷாட்டும் கடந்த நீரின் ஆழம் 600 மீட்டர் வேறுபடுவதால் 0.39 விநாடி வித்தியாசம் நியாயமானது. அதையும் மீறி 150 மில்லி விநாடி மிஞ்சினால் யாரோ சுழல் தாவியிருக்கிறார்கள். ஒரே ஓபிஎஸ்ஸின் எல்லா இணைகளிலும் மிஞ்சினால் கடிகாரம்.

பொருத்த அளவான கை-வர்க்கம் 1ஐச் சுற்றி நிற்க வேண்டும். 0.4 வந்தால் மகிழ்ச்சிப்படாதீர்கள்: ஒன்று, வருகைகளுக்குக் கொடுத்த நிச்சயமின்மை அதிகம், இல்லையென்றால் மாதிரி சத்தத்தையும் சேர்த்துப் பொருத்துகிறது. அருகில் 30–50 மில்லி விநாடி, தொலைவிலுள்ள பிஎன், பிஎம்பிக்கு 70–100 என்று அலைக்கு அலை கொடுங்கள். எல்லாவற்றுக்கும் 100 என்று போட்டால் அருகிலுள்ள நல்ல தரவின் குரல் அமுங்கிவிடும். அதன் பிறகு, செயற்கைக் கட்டங்களை மாதிரியில் வைத்து அவை திரும்பக் கிடைக்கின்றனவா என்று பார்க்கும் சதுரங்கப் பலகைச் சோதனை. 10 கி.மீ. அகலம், 3 கி.மீ. உயரக் கட்டங்கள் கீழ்மேலோட்டில் திரும்பக் கிடைக்கவில்லையென்றால், அங்கே தெரியும் 5 கி.மீ. அகல அமைப்புக்குக் கட்டுரையில் பெயர் வைக்காதீர்கள்.

மெலிந்த மேலோட்டுக்குக் கீழே 7.2–7.6 கி.மீ./வி.

கடிகாரம், இடம், நீர், படிவு எல்லாம் சரி. எதிரெதிர் நேரமும் சரி. இன்னும் அந்த வேகம் நிற்கிறது. இப்போதுதான் புவியியல் பேசலாம். இரண்டு பாறைகள் இந்த எண்ணுக்கு உரிமை கொண்டாடும். ஒன்று, நீர் புகுந்து ஓரளவு சர்ப்பன்டைனான மேன்டில். மேன்டில் பாறையான பெரிடோடைட் மாறாமல் இருந்தால் 8, முழுதும் மாறியது 5 சொச்சம் என்பதால் 7.2 என்றால் ஏறக்குறைய கால்பங்கு மாற்றம். மற்றது, மேன்டிலிலிருந்து உருகி வந்து மேலோட்டின் அடியில் உறைந்த மக்னீசியம் மிகுந்த கப்ரோ. முதலாவது என்றால் இது மேன்டில், மேலோடு மெலிந்து அறுந்த விளிம்பு. இரண்டாவது என்றால் இது புதிய மேலோடு, எரிமலை விளிம்பு. விளிம்பின் வரலாறே தலைகீழாகிறது.

முதலில் மேலே பாருங்கள். கடலை நோக்கிச் சாயும், குவிந்த விசிறி போன்ற எதிரொலிப்பு அடுக்குகள் மேல்மேலோட்டில் இருந்தால் அவை நிலத்தில் வழிந்தோடிய பசால்ட். அடியில் உறைந்த குழம்பு இருப்பது இயல்பு. நார்வேயின் வோரிங் பீடபூமியில் இப்படிப்பட்ட அடுக்குகளை ஓடிபி என்ற பன்னாட்டுக் கடல் துளையிடும் திட்டத்தின் 104ஆம் பயணம் 1985இல் துளைத்துப் பசால்ட்டை எடுத்தது. ஐபீரியாவில் அந்த அடுக்குகள் இல்லை. 1985இல் 103ஆம் பயணமும், 1993இல் 149உம், 1997இல் 173உம் அங்கே துளைத்து பெரிடோடைட்டையே எடுத்தன.

அடுத்தது வேகம் ஏறும் விதம். மேலே 6.5க்கும் குறைவாகத் தொடங்கி, இடையில் படியே இல்லாமல் 8 வரை ஏறினால் சர்ப்பன்டைன் பக்கம் சாயலாம். தலையிலும் அடியிலும் எதிரொலிப்போடு, நடுவில் ஏறக்குறைய மாறாத 7.3 என்றால் கப்ரோ. மூன்றாவதாக மேலே மிச்சமிருக்கும் மேலோட்டின் தடிமன்: முறிவுகள் மேலோட்டை முழுதும் வெட்டி இறங்கினால்தான் கடல்நீர் மேன்டிலைத் தொடும். மேலோடு 15 கி.மீ. தடிமனாக உள்ள இடத்தில் சர்ப்பன்டைன் என்று எழுதுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

பக்கவாட்டில் அதிரும் எஸ் அலை (மேலே சொன்ன எஸ் எதிரொலிப்பு அல்ல) வந்து தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இதுவரை பேசிய அழுத்த அலையான பி, இந்த எஸ் இரண்டின் வேக விகிதம் முழுச் சர்ப்பன்டைனில் 2ஐத் தாண்டும், உண்மைதான். ஆனால் கால்பங்கு மாறிய பெரிடோடைட்டில் அது 1.8 சொச்சம், கப்ரோவிலும் அதே 1.8 சொச்சம். விகிதம் உதவுவது பி வேகம் 6.5க்குக் கீழே இருக்கும் மேல்பகுதியில் மட்டும்.

ஈர்ப்பு அளவும் அப்படியே. கால்பங்கு மாறிய பெரிடோடைட்டின் அடர்த்தி கன செ.மீ.க்கு 3.1 கிராம் அருகில், கப்ரோ 3.0–3.05. வித்தியாசம் 0.07 என்று வைத்தால், 4 கி.மீ. தடிமனுக்கு 12 மில்லிகேல் (ஈர்ப்பின் அலகு). அடியிலுள்ள மோஹோவை 1 கி.மீ. நகர்த்தினால் அந்த 12 மறைந்துவிடும். ஈர்ப்பு மாதிரி பொருந்துகிறது என்பது உங்கள் வேக மாதிரியில் பெரிய அபத்தம் இல்லை என்பதற்குச் சான்று, அவ்வளவே.

பக்கத்து விளிம்பைப் பார்த்துப் பதில் எழுதுவதும் ஆபத்து. தென்சீனக் கடலின் வடக்கு விளிம்பு ஐபீரியாவைப் போன்றது, கண்டம் முடியும் இடத்தில் மேன்டில் வெளிப்பட்டிருக்கும் என்ற எதிர்பார்ப்போடு 2017இல் ஓடிபியின் வழித்தோன்றலான ஐஓடிபியின் 367, 368ஆம் பயணங்கள் அங்கே துளைத்தன. மேலே வந்தது பசால்ட்.